கூரையில் வெயில், வீட்டில் இருட்டு

கேள்வி: வெள்ளவத்தையில் எங்கள் மொட்டைமாடியில் 5 கிலோவாட் சோலார் இருக்கிறது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி இலங்கை முழுக்கக் கரண்ட் போனபோது நல்ல வெயில். ஆனாலும் எங்கள் ஃபேன் ஓடவில்லை. சித்திரை விடுமுறையில் பிற்பகல் 3 மணிவரை சோலாரை அணைத்து வைக்கவும் சொன்னார்கள். பிறகு எதற்கு இது? பற்றரி வாங்கலாமா?

பதில்: உங்கள் இன்வேர்ட்டரில் கோளாறு இல்லை. தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டிதான் இன்வேர்ட்டர். சாதாரண இன்வேர்ட்டர் வெளி லைனைப் பார்த்துத்தான் ஓடும். லைன் செத்தால் தானும் நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கூரை மின்சாரம் ஒழுங்கைக் கம்பியில் இறங்கி, கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனை அடிக்கும்.

அன்று பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு புகுந்துதான் கரண்ட் போனது என்று சொல்லி எல்லோரும் சிரித்தோம். குரங்கு வெறும் தொடக்கம்தான். ஞாயிறு, மத்தியானத்துக்குச் சற்று முன். அலுவலகங்கள் பூட்டு, தேவை குறைவு, கூரைகளில் சூரிய மின் கொட்டுகிறது. நீர்மின், நிலக்கரி நிலையங்களில் சுழலும் கனத்த இயந்திரங்கள் சைக்கிள் சில்லு மாதிரி. மிதிப்பதை நிறுத்தினாலும் கொஞ்சம் சுற்றும். அந்தச் சில நொடிகளில்தான் மின்வலையமைப்பு சுதாரிக்கும். சோலார் தகட்டில் சுற்ற ஒன்றுமில்லை. அதனால் சுதாரிக்க நேரமில்லாமல் வலையமைப்பு விழுந்தது. நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் மூன்று 300 மெகாவாட் இயந்திரங்களும் நின்றுபோக, அடுத்த நாட்களில் ஒன்றரை மணிநேர மின்வெட்டு வந்தது. சித்திரை விடுமுறையில் சோலாரை அணைக்கச் சொன்னதும், தேவை குறைந்த பகலில் இதே நிலை வரக்கூடாது என்றுதான்.

நாட்டுக்கு மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படுவது இரவு 6.30க்குப் பிறகு. அப்போது உங்கள் தகடு தூங்கிவிடும். 2030இல் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மின் என்பது அரசின் இலக்கு. பகல் வெயிலை இரவுக்குச் சேமிக்காமல் வெறும் தகடு அடுக்கி அதை எட்ட முடியாது என்பேன்.

ஆகவே பற்றரி நல்லதுதான், ஆனால் அளவோடு. மூன்று ஃபேன், சில லைட், ரவுட்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து சராசரி 350 வாட். நாலு மணிநேரத்துக்கு ஒன்றரை யுனிட் போதும். 5 யுனிட் லித்தியம் பற்றரி தாராளம். ஏசியையும் தண்ணீர் மோட்டரையும் அதில் மாட்டாதீர்கள்.

முதலில் பூட்டித் தந்தவரிடம், இப்போதுள்ள இன்வேர்ட்டர் பற்றரி ஏற்கும் ஹைபிரிட்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் செலவு பற்றரியோடு நிற்காது, இன்வேர்ட்டரும் மாற வேண்டும். கரண்ட் போகும்போது பற்றரியில் ஓடும் பேக்-அப் லைனுக்குத் தனி பிரேக்கர் போடச் சொல்லுங்கள். அப்படியே மாடிக்கு ஏறி இணைப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள். கடற்காற்று உப்பு முதலில் அங்கேதான் அரிக்கும்.