தன்னைத் துன்புறுத்தியவரை நாயகி மீண்டும் சந்திக்கும் த்ரில்லர் ஏன் நம்பும்படி அமையவில்லை?

சிறுவயதில் தன்னிடம் அத்துமீறிய இசை ஆசிரியரை இருபது ஆண்டுகளுக்குப் பின் நாயகி தற்செயலாகச் சந்திக்கிறாள். அவரை ஓர் அறைக்கு வரவழைத்து, கதவைப் பூட்டி, கத்தியைக் காட்டி, நடந்ததை அவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பதிவு செய்கிறாள். இதுதான் உங்கள் நாவல். வாசித்த நண்பர்கள் விறுவிறுப்பாக இருக்கிறது, ஆனால் நம்ப முடியவில்லை என்கிறார்கள், குறை எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள்.

கதைப் பிரதிகளைத் திருத்தும் வேலையில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். அறையும் பூட்டும் கத்தியும் கதையைக் கெடுக்கவில்லை. கத்தியைக் கண்டதும் அவர் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாரே, அங்கேதான் கதை படுத்துவிடுகிறது. அதற்குப் பின் அவள் அவரைக் கொல்வாளா, விடுவாளா என்பது மட்டுமே மிஞ்சுகிறது, அதற்கு எந்தக் குற்றக் கதையும் போதும். இந்த வகைக் கதையில் வாசகனை உட்கார வைக்கும் கேள்வி வேறு: நடந்தது இதுதான் என்று சொல்லும் அதிகாரம் அந்த அறையில் யாரிடம் இருக்கிறது? இருபது ஆண்டுகளுக்கு முன் அது அவரிடம் இருந்தது. கத்தி அவள் கைக்கு வந்துவிட்டதால் மட்டும் அது இடம் மாறிவிடுவதில்லை.

இந்தப் போராட்டத்தைச் சின்னச் சின்ன விவரங்களின் மேல் நடத்திக்காட்டிய படைப்பு ஒன்று உண்டு. சிலேயில் பினோசேயின் இராணுவ ஆட்சி முடிந்து மக்களாட்சி திரும்பிய 1990-ஆம் ஆண்டில் ஏரியல் டார்ஃப்மன் எழுதிய 'டெத் அண்ட் த மெய்டன்' என்ற நாடகம் அது. 1994-இல் திரைப்படமாகவும் வந்தது. கண்ணைக் கட்டிச் சித்திரவதை செய்யப்பட்ட பவுலினா, பல ஆண்டுகள் கழித்துத் தன் வீட்டுக்கு வந்த ஒரு மருத்துவரைக் குரலை வைத்து அடையாளம் கண்டு, கட்டிப்போட்டு விசாரிக்கிறாள். அவள் கணவன், முந்தைய ஆட்சியில் நிகழ்ந்த கொடுமைகளை, அதுவும் மரணத்தில் முடிந்தவற்றை மட்டும், விசாரிக்கப்போகும் ஆணையத்தில் நியமனம் பெற்றவன். உயிரோடு தப்பியவளுக்கு அந்த ஆணையத்தில் இடமில்லை. அவள் ஏன் சட்டத்தை நாடாமல் தானே விசாரணை நடத்துகிறாள் என்று நாடகம் தனியாக விளக்க வேண்டிய அவசியமே இதனால் இல்லாமல் போகிறது. உங்கள் நாயகி ஏன் புகார் கொடுக்கவில்லை என்பதற்கு உங்கள் பிரதியில் அரை வரிதான் இருக்கிறது. நண்பர்கள் நம்பாததற்கு அதுவும் ஒரு காரணம்.

நாடகத்தை இனிமேல் படிக்க நினைப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். கணவன் தன்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட விவரங்களை மருத்துவருக்குச் சொல்லிக்கொடுத்து, அவர் தப்பிக்க ஒரு போலி வாக்குமூலம் தயாரிக்க உதவுவான் என்று பவுலினா முன்கூட்டியே கணிக்கிறாள். ஆகவே கணவனிடம் சொல்லும்போதே சில சிறு பிழைகளை வேண்டுமென்று கலந்துவிடுகிறாள். மருத்துவர் தன் வாக்குமூலத்தில் அந்தப் பிழைகளைத் தம்மையறியாமல் திருத்திவிடுகிறார். சரியான விவரம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் அவள் வீசிய வலை. அப்படியும் நாடகம் ஐயத்தை முழுமையாகத் தீர்த்துவைப்பதில்லை. மிரட்டலுக்கு அஞ்சிச் சொன்ன சொல்லுக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி கடைசி வரை அறையில் நிற்கிறது. உங்கள் நாவலில் அந்தக் கேள்வியை ஒருவரும் எழுப்பவே இல்லை.

நிஜத்தில் இது எப்படி நடக்கும் என்பதற்கு எனக்கு நெருக்கமான ஒருவர் சொன்னதைத் தருகிறேன். சிறுமியாக இருந்தபோது தன்னிடம் தவறாக நடந்த உறவுக்காரரை, நாற்பது வயதைக் கடந்தபின் அவர் போய்ப் பார்த்தார். பேச்சு தடுமாறிவிடும் என்று அஞ்சி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தார். அந்த முதியவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துபவரைப் போல நிதானமாக வாசித்து, ஒரு வரியில் விரலை வைத்து, "இந்த வருஷம் நான் அந்த வீட்லயே இல்லையேம்மா" என்றார். மற்ற வரிகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆண்டு உண்மையிலேயே ஒன்று பிசகித்தான் இருந்தது. அந்த ஒரு பிசகைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முழுத் தாளையும் பொய்யாக்கிவிட்டார். வந்தவரோ தன் கையெழுத்தையே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். கத்தியில்லாத இந்தக் காட்சி உங்கள் பூட்டிய அறையைவிடப் பயங்கரமானது என்பது என் எண்ணம்.

இதற்கு நினைவின் இயல்பும் இடங்கொடுக்கிறது. கடும் அச்சத்தில் மனம் அந்த நேரத்தின் மையத்தை ஆழமாகப் பதித்துக்கொள்கிறது. தேதி, நிகழ்ச்சிகளின் வரிசை, சுற்றியிருந்தவர்கள் போன்றவை மங்கலாகப் போகலாம். கேள்வி கேட்கும் விதமேகூட நினைவை வளைக்கும் என்பதை உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் வெளியிட்ட சோதனை காட்டியது: ஒரே கார் விபத்துப் படத்தைப் பார்த்தவர்களில், கார்கள் நொறுங்க மோதின என்ற பொருளில் கேட்கப்பட்டவர்கள், வெறுமனே இடித்தன என்று கேட்கப்பட்டவர்களைவிட அதிக வேகத்தைச் சொன்னார்கள். இந்த உண்மையை இரு தரப்புக்கும் நீங்கள் கொடுக்கலாம். அவள் சொல்வதில் சில விவரங்கள் தவறாக இருக்கட்டும், அதை அவர் பிடித்துக்கொள்ளட்டும். ஆனால் எல்லாமே அவள் கற்பனை என்று கடைசி அத்தியாயத்தில் கவிழ்த்துப்போடும் ஆசை வந்தால் தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள். அது பழகிப்போன உத்தி. போதாக்குறைக்கு, அந்த முதியவர் தாளில் விரல் வைத்துச் செய்ததை நூலாசிரியரே செய்ததாகிவிடும்.

உங்கள் இசை ஆசிரியர் அழுது ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு என்ன செய்வார்? உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரைட் 1997-இல் இதை ஒரு வரிசையாக விவரித்தார்: முதலில் மறுப்பது, பிறகு குற்றம் சாட்டியவரையே தாக்குவது, இறுதியில் தானே பாதிக்கப்பட்டவராக மாறிவிடுவது. உங்கள் நடுக் காட்சிக்கு இந்த மூன்று படிகளும் அப்படியே பொருந்தும், ஆனால் அவர் வில்லனைப் போல உறுமத் தேவையில்லை. "உன் அப்பா இருந்திருந்தா உன்னை இப்படிப் பேச விட்டிருப்பாரா?" என்று வருத்தத்தோடு கேட்கட்டும். தன் இதயக் கோளாற்றைச் சொல்லட்டும். நீ இன்னும் பாடுகிறாயா என்று உண்மையான அக்கறையோடு விசாரிக்கட்டும். அவளோ 'நீ' என்று ஒருமையில் பேச வேண்டுமென்று பல நாள் பழகி வந்தும், வாயைத் திறந்தால் 'நீங்க சார்' என்றே வரட்டும்.

அடையாளம் காணும் காட்சிக்கும் ஒரு திருத்தம். இப்போது அவள் அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வருகிறது. முகம்தான் இருபது ஆண்டுகளில் அதிகம் மாறியிருக்கும். மணத்தை உணரும் நரம்புப் பாதை, பார்வையும் ஒலியும் போவதைப்போலத் தலாமஸ் என்ற மூளையின் இடைமாற்று மையம் வழியாகச் சுற்றாமல், அச்சத்தையும் நினைவையும் கையாளும் மூளைப் பகுதிகளுக்கு நேராகவே போய்ச் சேர்கிறது. எனவே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே, யாரென்று தெரிவதற்கு முன்பே, அவள் விரல்கள் மரத்துப்போகலாம். வயலின் வில்லுக்குத் தடவும் பிசினின் மணமே அதற்குப் போதும். இசை ஆசிரியர் என்று வைத்துவிட்டு அதை நீங்கள் பயன்படுத்தாமல் விட்டது எனக்கு வியப்பாக இருந்தது.

கடைசியாக, பழிவாங்கல். மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் மன அதிர்ச்சியைப் பற்றி 1992-இல் வெளியிட்ட தன் நூலில், பழிவாங்கும் கற்பனையைப் பாதிப்பின் நினைவுக்குக் கண்ணாடிப் பிம்பமாகவே பார்க்கிறார்: அதே காட்சிதான், வேடங்கள் மட்டும் மாறியிருக்கின்றன, விடுதலை கிடைப்பதில்லை. அவர் சுட்டிய இன்னொன்று உங்களுக்கு அதிகம் பயன்படும். எதிராளி ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற தேவை இல்லாமல், பின்விளைவுக்கு அஞ்சாமல், தனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லத் தயாராகும் வரை ஒருவர் இத்தகைய சந்திப்பில் இறங்கக்கூடாது என்கிறார் அவர். உங்கள் நாயகி அந்தத் தயார்நிலை இல்லாமல்தான் அறைக்குள் போகிறாள். முதல் பாதியில் அது அவள் பலவீனமாக இருக்கட்டும். அவர் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்க அவள் எதையும் செய்யத் துணிவதில் நியாயமான பதற்றம் கிடைக்கும். எந்த இடத்தில் அந்தத் தேவை அவளைவிட்டு நீங்குகிறதோ அதுவே உச்சக்காட்சி. அப்படிப் பார்த்தால் ஒலிப்பதிவில் அவருடைய ஒப்புதல் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. அவர் மறுத்ததும், திருத்தியதும், தம் உடல்நிலையைச் சொல்லிப் புலம்பியதும், நடுவில் அவள் தடுமாறாமல் சொல்லி முடித்ததும் பதிவாகியிருந்தால் போதும். அதை அவள் யாரிடம் கொண்டுபோகிறாள் என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். ஒப்புதல் தேவைப்படாத கதைக்குக் கத்தியும் தேவையில்லை, அதை மட்டும் இரண்டாம் அத்தியாயத்திலேயே நீக்கிவிடுங்கள்.