பேசில் காரை அடித்த தெருமுனை

கேள்வி: பிபிசியின் பழைய நகைச்சுவைத் தொடரான ‘ஃபால்டி டவர்ஸ்’ என் மகனுக்கு உயிர். அந்த ஹோட்டலைப் பார்க்க லண்டனிலிருந்து டார்க்கீ வரைக்கும் போய் ஏமாந்து திரும்பினான். இன்னொரு பக்கம், தொடரில் ஹோட்டல் முதலாளியாக வரும் பேசில் தன் காரை அடித்தது எந்தத் தெரு, அது என்ன கார் என்று சிலர் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து வாதம் செய்கிறார்கள். சிரித்துவிட்டுப் போக வேண்டிய தொடருக்கு இந்த வெட்டி வேலை தேவையா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: தேவை. வெட்டி வேலை என்று நீங்கள் சொல்கிறீர்களே, அதைச் செய்தவர்கள் கண்டுபிடித்ததை முன்னாலேயே படித்திருந்தால் உங்கள் மகன் டார்க்கீக்குப் போயிருக்க மாட்டார்.

கதை நடப்பதுதான் டார்க்கீயில். 1970-இல், பேசிலாக நடித்த ஜான் கிளீஸும் அவருடைய குழுவினரும் படப்பிடிப்புக்காக அந்தக் கடற்கரை ஊரில் க்ளெனீகிள்ஸ் என்ற ஹோட்டலில் தங்கினார்கள். அதன் முதலாளி விருந்தினர்களிடம் நடந்துகொண்ட விதத்திலிருந்துதான் பேசில் ஃபால்டி பிறந்தார். ஆனால் அந்தக் கட்டடம் தொடரில் ஒரு காட்சியில்கூட வரவில்லை. 2016-இல் அதை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே முதியோருக்கான குடியிருப்பு இருக்கிறது. தொடரில் சர்வர் மேனுவலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள்.

திரையில் நாம் பார்க்கும் வெள்ளைக் கட்டடம் டார்க்கீயிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, பக்கிங்ஹாம்ஷயரில் போர்ன் எண்ட் பக்கம் இருந்தது. வூபர்ன் கிரேஞ்ச் என்று பெயர். 1991-இல் தீப்பிடித்து, அப்புறம் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. யோசித்துப் பாருங்கள், உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் அந்த வாசலையும் படிகளையும் பார்த்திருக்கிறோம், வேறொரு பெயரில், வேறொரு ஊரில் இருப்பதாக நம்பிக்கொண்டு. அதன் சொந்தப் பெயரையும் சொந்த ஊரையும் அதற்குத் திருப்பிக் கொடுத்தவர்கள் இந்த ‘வெட்டி வேலை’க்காரர்கள்தான். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு.

சரி, கார் விஷயத்துக்கு வருகிறேன். ‘குர்மே நைட்’ 1975-இல் வந்த பகுதி. விருந்துக்கு வாத்து கொண்டுவரப் போன இடத்தில் வண்டி நின்றுவிடுகிறது. பேசில் அதைக் குழந்தையை மிரட்டுவதுபோல ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி மிரட்டிவிட்டு, ஓடிப்போய் ஒரு மரக்கிளையோடு வந்து விளாசுகிறார். அந்தச் சிவப்பு வண்டி ஆஸ்டின் 1100 கன்ட்ரிமேன், 1967-ஆம் வருடத்தியது. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த இந்த 1100 வகைதான் அறுபதுகளின் பெரும்பகுதியில் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற கார். தெருவுக்குத் தெரு நின்ற வண்டி. அதனால்தான் அந்தக் காட்சி பிரிட்டிஷ்காரர்களை அப்படிச் சிரிக்க வைத்தது. தங்கள் வீட்டு வாசலில் காலையில் கிளம்ப மறுத்த அதே வண்டியை ஒருவன் அவர்களுக்காகவும் சேர்த்து அடிக்கிறான். பணக்காரர்களின் கார் ஒன்றை அங்கே நிறுத்தியிருந்தால் காட்சி செத்திருக்கும். வண்டி எதுவென்று தெரியாமல் இது புரியுமா?

வண்டியின் வயதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்பீர்கள். 1963-லிருந்து 1983 வரை பிரிட்டனில் நம்பர் பிளேட்டின் கடைசி எழுத்து வருடத்தைச் சொல்லும். நம் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த மிஸ்டர் பீனின் பச்சை மினியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நம்பர் எஸ்எல்டபிள்யூ 287ஆர் என்று முடியும். ‘ஆர்’ என்றால் 1976 ஆகஸ்டிலிருந்து 1977 ஜூலைக்குள் பதிவான வண்டி. அந்த மினியும் இஸிகோனிஸின் கைவண்ணம்தான்.

தெருவைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். அன்றைய பிபிசியில் ஸ்டுடியோக் காட்சிகளை வீடியோ நாடாவிலும் வெளிப்புறக் காட்சிகளைப் பிலிமிலும் எடுத்தார்கள். உற்றுப் பார்த்தால் படத்தின் நிறமும் துகளும் மாறுவது உங்களுக்கே தெரியும். மாறிய அந்த நிமிடத்திலிருந்துதான் தேடல் தொடங்கும். கூரையின் சரிவு, புகைபோக்கி, ஜன்னல் அமைப்பு, தெரு வளையும் விதம் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு போனால் ஓர் இடம் அகப்படும். அப்படி அகப்பட்டதுதான் வடமேற்கு லண்டனில் ஹாரோ பக்கத்துக் கென்டன். மென்ட்மோர் க்ளோஸ் என்ற சின்னத் தெரு லாப்ஸ்டோன் கார்டன்ஸ் தெருவைச் சந்திக்கும் முனை. ஹாரோ வட்டாரத்தில் ஈழத்தமிழர்கள் ஏராளம். அந்த முனையைக் கடந்து கடைக்குப் போய்வருகிறவர்களில் நம்மவர்களும் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்காவது இது தெரிந்து, பிள்ளையை நிறுத்திக் காட்டினால் எனக்குச் சந்தோஷம்.

இடம் தெரியாமலேயே சிரிக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் தெரிந்தபின் சிரிப்பு குறைந்ததாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. மொத்தம் 12 பகுதிகள்தான், 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு. திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதோ ஒன்று தென்படுகிறது. பெயர்ப்பலகையின் எழுத்துகள் இடம் மாறிக்கொண்டே இருப்பதற்குப் பேப்பர் போடும் பையன்தான் காரணம் என்று ஒரே ஒரு பகுதியில் காட்டுவார்கள். வேகமாகப் பார்த்தால் தப்பிவிடும்.

உங்கள் மகன் இன்னும் லண்டனில் இருந்தால் ஹாரோவுக்குப் போகச் சொல்லுங்கள். போகும் முன் ‘த ஜெர்மன்ஸ்’ பகுதியின் தொடக்கத்தைப் பார்க்கட்டும். அதில் ஹோட்டல் வராது. கால் நகத்துக்குச் சிகிச்சை பெறும் பேசிலின் மனைவி சிபில் படுத்திருக்கும் ஆஸ்பத்திரிதான் வரும். அது நார்த்விக் பார்க் ஆஸ்பத்திரி, மென்ட்மோர் க்ளோஸிலிருந்து அதிக தூரமில்லை. ஹோட்டல் இரண்டும் போய்விட்டாலும் ஆஸ்பத்திரி இன்னும் நடக்கிறது.