பழைய ராணுவ ரைஃபிளுக்கு எந்தக் கேலிபர் (குழல் விட்டம்)? – கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சேர்ந்த முன்னாள் படைவீரர் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, தரைப்படையில் ஆர்மரராக (துப்பாக்கிகளைச் சோதித்துப் பழுதுபார்ப்பவராக) பணியாற்றி ஓய்வுபெற்ற கம்மவான்பேட்டைக்காரர் ஒருவர் எழுதிய பதில்கள்.

குடியாத்தம்: ஐயா, என் மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வேலை செய்கிறான். பழைய ராணுவ ரைஃபிள் ஒன்றை வாங்கிச் சுடுதளத்தில் சுட ஆசைப்படுகிறான். .303 லீ என்ஃபீல்டு, 8 மி.மீ. மவுசர், ரஷ்ய மோசின் நாகாண்ட், நம் இஷாப்பூர் தொழிற்சாலையின் 7.62 மி.மீ. 2ஏ1 ஆகிய நான்கில் எதை வாங்கலாம்?

பதில்: ரைஃபிளின் அழகில் மயங்கி வாங்கிவிட்டு, பிறகு தோட்டாவுக்கு அலைபவர்கள் அதிகம். உங்கள் மகன் தோட்டாவிலிருந்து தொடங்கட்டும்.

மோசின் நாகாண்ட் சுடும் 7.62×54ஆர் தோட்டா 1891 முதல் இன்றுவரை படைகளில் பயன்பட்டு வருகிறது. அது மலிவாகக் கிடைத்ததாலேயே பலர் அந்த ரைஃபிளை வாங்கினார்கள். ஆனால் ரஷ்யத் தோட்டாக்களை இறக்குமதி செய்யப் புதிய அனுமதி தருவதை அமெரிக்கா 2021இல் நிறுத்திய பிறகு, மலிவு என்ற காரணம் பெருமளவு போய்விட்டது.

8 மி.மீ. மவுசரில் வேறொரு சிக்கல் இருக்கிறது. 1888ஆம் ஆண்டு ஜெர்மன் ரைஃபிளுக்கான குண்டின் விட்டம் .318 அங்குலம், 1905க்குப் பிறகு வந்தது .323 அங்குலம். பெரிய குண்டைச் சிறிய குழலில் சுட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தால், அமெரிக்கத் தொழிற்சாலைகள் இந்தத் தோட்டாவை இன்றும் வலுக் குறைத்தே தயாரிக்கின்றன. முழு வலுவுள்ள ஐரோப்பியத் தோட்டாவை வாங்குபவர், தம் குழல் எந்த அளவுடையது என்பதை அளந்து தெரிந்துகொண்ட பிறகே சுட வேண்டும்.

.303ஐப் பொறுத்தவரை, 174 கிரெயின் எடையுள்ள குண்டை விநாடிக்கு 2440 அடி வேகத்தில் செலுத்திய மார்க் 7 தோட்டாவைக் கொண்டு இரண்டு உலகப்போர்களிலும் நம் வீரர்கள் சுட்டார்கள். இன்றும் தனியார் தொழிற்சாலைகள் .303 தோட்டாவைத் தயாரிக்கின்றன, உதைப்பும் தாங்கக்கூடியதுதான். சேறு படிந்த பதுங்குகுழியிலும் தோட்டா தடையின்றி நுழைய வேண்டும் என்பதற்காக ரைஃபிளின் அறையை (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடத்தை) தாராளமாகக் குடைந்திருப்பார்கள். அதனால் பித்தளை உறை ஒவ்வொரு முறையும் சற்று நீண்டுவிடும். உறையில் மறுபடி மருந்தடைத்துச் சுடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். என் தேர்வைக் கேட்டால் .303 என்பேன்.

எதை வாங்கினாலும், குழலின் மேல் பொறித்திருப்பதை மட்டும் நம்பாமல், ஒரு நல்ல துப்பாக்கிக் கம்மியரிடம் அறையை அளக்கச் சொல்லுங்கள். தோட்டா உள்ளே நுழைகிறது என்பதாலேயே அது அந்த ரைஃபிளுக்குரிய தோட்டா ஆகிவிடாது.

ஆரணி: எங்கள் தாத்தா பர்மா முனையில் போரிட்டவர். அவர் பெயரில் .303 ரைஃபிள் ஒன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா?

பதில்: முடியாது. .303, 7.62 மி.மீ. இரண்டும் நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட போர் (bore – குழலின் உள்விட்டம்). அவற்றுக்கு மாவட்ட ஆட்சியர் உரிமம் வழங்க இயலாது; அது மத்திய உள்துறை அமைச்சகத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. படையின் தோட்டாவைச் சுடக்கூடிய ரைஃபிள் பொதுமக்களிடம் இருக்கக்கூடாது என்ற எண்ணம் ஆங்கிலேயர் காலத்திலேயே இருந்தது. அதனால்தான் லீ என்ஃபீல்டு அமைப்பிலேயே .315 போரில் ரைஃபிள் செய்து இங்கே விற்றார்கள். அந்தத் தோட்டா ஆஸ்திரியப் படையின் 8×50ஆர் மான்லிக்கர் தோட்டாவிலிருந்து வந்தது. பிற்காலத்தில் நம் அரசு ஆயுதத் தொழிற்சாலைகளும் அதையே தொடர்ந்தன. ராணுவ ரைஃபிளின் கையமைப்பும் போல்ட்டும் (தோட்டாவை அறைக்குள் தள்ளி மூடும் பாகம்) வேண்டும், சட்டத்துக்கும் உட்பட்டிருக்க வேண்டும் என்பவருக்கு இந்தியாவில் நேரான வழி .315தான். .30-06 இரண்டாவது வழி.

காட்பாடி: அப்பாவுக்கு 72 வயது. அவரிடம் உரிமத்துடன் .315 ரைஃபிள் இருக்கிறது. அதை என் பெயருக்கு மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 25ஆம் விதிப்படி, உரிமம் பெற்றவர் 70 வயதை எட்டினாலோ, அந்த ஆயுதத்தை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, சட்டப்படியான வாரிசு ஒருவருக்கு உரிமம் வழங்கக் கோரலாம். மனுவை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். உரிமம் உங்கள் கைக்கு வரும்வரை ரைஃபிளைத் தொடாதீர்கள்.

அரக்கோணம் (ஓய்வுபெற்ற ஹவில்தார்): குடியாத்தம் நண்பருக்கு நீங்கள் 2ஏ1 பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது சுடும் 7.62 நேட்டோ ராணுவத் தோட்டாவும், கடையில் விற்கும் .308 வின்செஸ்டர் தோட்டாவும் ஒன்றுதான். எந்தக் கடையிலும் கிடைக்கும் தோட்டாவைச் சுடும் ரைஃபிளை விட்டுவிட்டு .303ஐ ஏன் பரிந்துரைக்கிறீர்கள்?

பதில்: ஹவில்தார் ஐயா கேட்டதால் விரிவாக எழுதுகிறேன். 2ஏ1 பற்றி இரண்டு தவறான கருத்துகள் உலவுகின்றன. பழைய .303 ரைஃபிளைக் குடைந்து 7.62 ஆக்கினார்கள் என்பது ஒன்று. அப்படி அல்ல, 1960களில் இஷாப்பூர் தொழிற்சாலை, 7.62இன் அழுத்தத்தைத் தாங்கும் வலுவான எஃகில் அதைப் புதிதாகவே செய்தது.  

7.62 நேட்டோவும் .308உம் ஒன்றே என்பது இரண்டாவது. வெளி அளவில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். அறையின் அளவில் வேறுபாடு உண்டு. போல்ட்டின் முகத்திலிருந்து, தோட்டாவின் தோள் (உறை குறுகும் பகுதி) போய் நிற்கும் இடம் வரையுள்ள நீளத்தை அளப்போம். .308 வணிக ரைஃபிளில் அது 1.638 அங்குலத்தைத் தாண்டினால் அந்த ரைஃபிளை ஒதுக்கிவிட வேண்டும். அமெரிக்கப் படை தன் எம்14 ரைஃபிளுக்கு 1.6455 அங்குலம் வரை அனுமதித்தது. ராணுவத் தோட்டாவின் பித்தளை உறை தடிமனானது என்பதால் அந்த நீட்சியைத் தாங்கும். வணிகத் தோட்டாவின் மெல்லிய உறை நீண்ட அறையில் அடிப்பகுதிக்குச் சற்று மேலே அறுந்துபோகலாம். அப்போது வெப்ப வாயு சுடுபவரின் முகத்தை நோக்கித் திரும்பும்.

அரக்கோணம்: பணிக்காலம் முழுவதும் 7.62 சுட்டிருக்கிறேன், ஓர் உறைகூட அறுந்ததில்லை. மேலும் .308இன் அழுத்தம் 62,000 என்றும் நேட்டோவின் அழுத்தம் 50,000 என்றும் சொல்லி மக்களைப் பயமுறுத்துகிறார்கள். அதையும் நீங்கள் ஏற்கிறீர்களா?

பதில்: அழுத்தக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி. 62,000 என்பது மின்னுணர்வுக் கருவியால் அளந்த எண். 50,000 என்பது செம்பு உருளையை நசுக்கி அளந்த பழைய முறையின் எண். இரண்டு முறைகளின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடக் கூடாது. ஒரே முறையில் அளந்தால் வேறுபாடு சிறிதே.

உறை அறுந்ததில்லை என்பதை மட்டும் நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். நீங்கள் சுட்டது ஆயுதத் தொழிற்சாலையின் தடித்த உறைத் தோட்டா. உங்கள் ரைஃபிளை என்னைப் போன்ற ஓர் ஆர்மரர் குறித்த காலத்தில் அளவுகோல் இட்டுச் சோதித்து, தேறாததைத் தனியே எடுத்து வைத்தார். டெக்சாஸில் பழையது வாங்கும் இளைஞருக்கு அந்த இரண்டு காவலும் இல்லை. 2ஏ1 வாங்கட்டும், நல்ல ரைஃபிள்தான். முதலில் அறையை அளக்கட்டும், பிறகு ராணுவத் தரத் தோட்டாவை மட்டும் சுடட்டும்.

ராணிப்பேட்டை: ராணுவத் தரம் என்பதைத் தோட்டாவைப் பார்த்து எப்படி அறிவது?

பதில்: நேட்டோ தரத்துக்குச் செய்த தோட்டாவின் அடியில், வட்டத்துக்குள் கூட்டல் குறி பொறித்திருக்கும்.

ஆம்பூர்: .303 தடை என்றால், அதன் குழலை மாற்றி .315 ஆக்கிக்கொள்ளலாமா? எங்கள் ஊரில் நல்ல லேத் பட்டறைகள் உள்ளன.

பதில்: கூடாது. ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, உரிமம் பெறாதவர் துப்பாக்கியை மாற்றி அமைப்பதே குற்றம். கையில் .303 வைத்திருப்பது அதற்கு முந்தைய குற்றம். தொழில்நுட்பமாகவும் அது ஆபத்து: அறை, போல்ட், எஃகின் வலு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும், லேத் பட்டறையில் அந்தச் சோதனைக்கு வழியில்லை.

வாலாஜாபேட்டை: .303ஐ .410 மஸ்கட் (சுருள்வரி இல்லாத குழல் துப்பாக்கி) ஆக்கினால் தடை நீங்குமா?

பதில்: நீங்காது. இஷாப்பூரில் காவல் பணிக்காக அப்படி மாற்றிய .410 மஸ்கட்டும் தடைப் பட்டியலிலேயே இருக்கிறது. அதன் தோட்டா கடையில் விற்கும் .410 ஷாட்கன் தோட்டா அல்ல; .303 உறையிலிருந்து உருவானது. மீண்டும் சொல்கிறேன், நுழைவதெல்லாம் பொருந்துவதாகாது.

திருப்பத்தூர்: .303ஐ .315 ஆக மாற்ற என்ன செலவாகும்?

பதில்: ஆம்பூர் அன்பருக்கு அளித்த பதிலைப் படியுங்கள்.

ஜமுனாமரத்தூர்: காட்டுப்பன்றி பயிரை அழிக்கிறது. எந்தக் கேலிபர் பொருத்தம்?

பதில்: வனத்துறையிடம் மனு கொடுங்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது கேலிபரைப் பற்றி நான் பேச மாட்டேன். வீட்டில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி இருந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

வேலூர், கல்லூரி மாணவர்: சுடும் விளையாட்டைத் தொடங்க .315 வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. .177 ஏர் ரைஃபிளில் தொடங்குங்கள். 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் உடையதற்கு உரிமம் தேவையில்லை.

வேலூர் கோட்டைப் பகுதி: 1806 கிளர்ச்சிக் காலத்தது என்று சொல்லி ஒரு பழைய துப்பாக்கியைப் பரம்பரையாக வைத்திருக்கிறோம். அதற்கு உரிமம் வேண்டுமா? அதன் கேலிபர் என்னவாக இருக்கும்?

பதில்: அக்காலக் கும்பினிப் படையின் சக்கிமுக்கி மஸ்கட்டுக்குக் குழல் விட்டம் ஏறத்தாழ .75 அங்குலம், உட்புறம் சுருள்வரி இல்லாத குழல், வாய் வழியே மருந்தும் ஈயக்குண்டும் இடும் முறை. ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழுதுபார்த்தாலும் சுட இயலாத, தொன்மை மதிப்புள்ள ஆயுதத்துக்கு விலக்கு அளிக்கிறது. சுட இயலாது என்பதை நீங்களே முடிவு செய்யாமல், அதிகாரியிடம் எழுத்தில் பெறுங்கள். துருவைச் சுரண்டி மெருகேற்ற வேண்டாம். அதன் மதிப்பு போய்விடும்.

குடியாத்தம்: மகனிடம் சொன்னேன் ஐயா; .303 என்றே முடிவு செய்துவிட்டான். பழைய ராணுவத் தோட்டா ஒரு பெட்டி மலிவாகக் கிடைக்கிறதாம். சுடலாமா?

பதில்: அளவெடுத்த பிறகு சுடலாம், ஆனால் சுத்தம் செய்யும் முறை மாறும். பழைய தோட்டாக்களின் பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். எரிந்த பின் அது உப்பாகக் குழலில் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்து, ஓரிரு நாளிலேயே துருவைக் கொண்டுவரும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. சுட்ட அன்றே கொதிநீரைக் குழல் வழியே ஊற்றி, போல்ட்டின் முகத்தையும் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் எண்ணெய் பூசச் சொல்லுங்கள். மறுநாளும் ஒருமுறை வெள்ளைத் துணியை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். பழுப்பு நிறம் தெரிந்தால் கொதிநீரிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.