கியூபா போய் வந்தவருக்கு எஸ்டா ஏன் இல்லை?

சிங்கப்பூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நான் சிங்கப்பூர்க் குடிமகள். கணவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பி.ஆர். (நிரந்தரவாசி). 2023 டிசம்பரில் இருவரும் கியூபாவுக்குச் சுற்றுலா போய் வந்தோம். இப்போது நியூ ஜெர்சியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகலாம் என்று எஸ்டா (விசா இல்லாமல் அமெரிக்கா போக எடுக்கும் இணைய அனுமதி) விண்ணப்பத்தைத் திறந்தேன். கியூபாவுக்குப் போனதுண்டா என்று கேட்கிறது. கணவரிடம் அமெரிக்க விசா இருக்கிறது, அவருக்குச் சிக்கல் இல்லை என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன்? பாஸ்போர்ட்டில் கியூபா முத்திரைகூட இல்லை. 'இல்லை' என்று போட்டுவிட்டால் என்ன?"

கடைசிக் கேள்வியை முதலில் பார்ப்போம். தயவுசெய்து அப்படிப் போடாதீர்கள். முத்திரை இல்லை என்பது பெரிய பாதுகாப்பு அல்ல. விமானப் பதிவு, விடுதிக் கட்டணம், போனில் இருக்கும் படம் என்று ஏதாவது ஒன்று காட்டிக்கொடுக்கலாம். கியூபாவுக்குப் போனது அமெரிக்கச் சட்டப்படி உங்கள் மேல் குற்றம் இல்லை. ஆனால் விண்ணப்பத்தில் பொய் சொன்னது தெரிந்தால், வாழ்நாள் முழுக்க அந்த நாட்டுக்குள் நுழைய முடியாத தடை வரலாம். தங்கை அங்கே இருக்கும்போது இந்த ஆபத்து வேண்டவே வேண்டாம்.

சரி, உங்களுக்கு மட்டும் ஏன்? எஸ்டா என்பது விசா அல்ல. விசா இல்லாமலே வரலாம் என்று அமெரிக்கா சில நாட்டுக் குடிமக்களுக்குத் தந்திருக்கும் சலுகை. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் உங்கள் கணவர் எப்படியும் விசா எடுத்துத்தான் ஆகவேண்டும். சிங்கப்பூர் பட்டியலில் இருப்பதால் உங்களுக்குச் சலுகை இருந்தது. பயங்கரவாதத்துக்கு ஆதரவு தரும் அரசுகள் என்று அமெரிக்க வெளியுறவுத்துறை ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் 2021 ஜனவரி 12 அன்று கியூபாவைச் சேர்த்தார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு கியூபாவுக்குப் போன எவருக்கும் இந்தச் சலுகை கிடையாது. அரசுப் பணியாகப் போனவர்கள் போன்ற சிலருக்குத்தான் விதிவிலக்கு. கியூபா போவதற்கு முன்பே எடுத்த எஸ்டா கையில் இருந்தாலும் அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

ஆக, நீங்கள் இழந்தது சலுகையை மட்டும்தான், அமெரிக்கா போகும் வழியை அல்ல. நேப்பியர் ரோட்டில் இருக்கும் தூதரகத்தில் சாதாரணச் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பியுங்கள்.

"கியூபா என்ன பயங்கரவாத நாடா?" என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் அந்தத் திகைப்பு தெரிகிறது, அது நியாயமானதும்கூட. இதற்குப் பதில் ஹவானாவில் இன்று நடப்பதைவிட 1960-ல் நடந்ததில்தான் அதிகம் இருக்கிறது.

1959 ஜனவரி 1 அன்று கியூபாவின் சர்வாதிகாரி பட்டிஸ்டா புரட்சியில் தோற்று நாட்டைவிட்டு ஓடினார். ஒரே வாரத்தில் அமெரிக்கா புதிய அரசை அங்கீகரித்தது. ஏப்ரலில் புரட்சித் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோ பத்திரிகை ஆசிரியர்களின் அழைப்பில் அமெரிக்கா போய்த் துணை அதிபர் நிக்சனைச் சந்தித்தார். உறவு அப்போதே முறிந்துவிடவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முறிவு நிலத்திலும் எண்ணெயிலும் சர்க்கரையிலும் தொடங்கியது.

மே மாத நிலச்சீர்திருத்தச் சட்டம் பொதுவான உச்சவரம்பைச் சுமார் 1,000 ஏக்கர் என்று வைத்தது. அமெரிக்க நிறுவனங்களின் பெரும் கரும்புத் தோட்டங்களும் இதில் சிக்கின. இழப்பீடாக 20 ஆண்டுப் பத்திரங்கள், அதுவும் வரிக்காக அவர்களே காட்டியிருந்த குறைந்த மதிப்பில். 1960-ல் சோவியத் கச்சா எண்ணெய் வந்து இறங்கியது. அதைச் சுத்திகரிக்க அங்கிருந்த எஸ்ஸோ, டெக்சாகோ, ஷெல் ஆலைகள் மறுத்தன. அரசு ஆலைகளைக் கையகப்படுத்தியது. ஜூலையில் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் அந்த ஆண்டு கியூபாவிடம் வாங்கவேண்டிய சர்க்கரையில் மிச்சமிருந்த 7 லட்சம் டன்னை வெட்டினார். சோவியத் ஒன்றியம் 'நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்' என்று முன்வந்தது. ஆகஸ்டில் கியூபா பெரும் அமெரிக்கச் சொத்துகளை நாட்டுடைமையாக்கியது. அக்டோபரில் அமெரிக்காவின் ஏற்றுமதித் தடை, 1961 ஜனவரி 3-ல் தூதரக உறவு முறிவு. ஏப்ரலில் சி.ஐ.ஏ. பயிற்சி கொடுத்த சுமார் 1,400 கியூப அகதிகள் காஸ்ட்ரோ அரசைக் கவிழ்க்கக் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் இறங்கித் தோற்றார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் கியூபாவில் நிறுத்தப்பட்ட சோவியத் அணு ஏவுகணைகளால் உலகமே நடுங்கியது.

பறிபோன சொத்துகளுக்காக அமெரிக்க ஆணையம் பின்னாளில் ஏற்றுக்கொண்ட கோரிக்கைகள் 5,913, மதிப்பு சுமார் 190 கோடி டாலர். அந்தக் கணக்கு இன்றுவரை தீரவில்லை. தீராததால் அது சட்டமாக இறுகிப்போனது. 1996-ல் மயாமியிலிருந்த கியூப அகதிகளின் இரு சிறு விமானங்களைக் கியூபா சுட்டு வீழ்த்தியது, நான்கு பேர் இறந்தார்கள். அதன் சூட்டில் வந்த ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டம் வர்த்தகத் தடையை அதிபர் தனியாக நீக்க முடியாதபடி பூட்டிவிட்டது. 2014-ல் ஒபாமா நட்புக் கரம் நீட்டினார், 2015-ல் தூதரகங்கள் திறந்தன, ஆனால் தடை அப்படியே நின்றது.

உங்களைத் தொடும் பயங்கரவாதப் பட்டியல் வேறு வகை. அதை அதிபரின் பேனாவே மாற்றும். 1982-ல் கியூபா முதலில் அதில் ஏறியது, லத்தீன் அமெரிக்க ஆயுதக் குழுக்களுக்கு உதவியது என்பதற்காக. 2015-ல் ஒபாமா நீக்கினார். 2021-ல் பதவி முடிய எட்டு நாள் இருக்கும்போது டிரம்ப் மீண்டும் சேர்த்தார். சொன்ன காரணங்களில் முக்கியமானது, அமைதிப் பேச்சுக்காக ஹவானா வந்திருந்த கொலம்பியக் கிளர்ச்சிக் குழுவினரைக் கியூபா ஒப்படைக்க மறுத்தது. அமைதிப் பேச்சுக்கு இடம் கொடுத்த நாட்டை அதே பேச்சைக் காட்டித் தண்டிப்பது சரியில்லை என்பது என் கருத்து. பின்னர் கொலம்பிய அரசே அந்தக் குழுவினர் மேலிருந்த கைது ஆணைகளை நிறுத்திவைத்தது. 2025 ஜனவரி 14-ல் பைடன் நீக்குவதாக அறிவித்தார், 20-ஆம் தேதி பதவியேற்ற அன்றே டிரம்ப் அதை ரத்து செய்தார். பட்டியல் இப்படி ஆடுவதால், அது மாறும் என்று காத்திருந்து டிக்கெட் போடாதீர்கள்.

இனி செய்யவேண்டியது. விசாவுக்கான டி.எஸ்.-160 படிவம் கடந்த ஐந்து ஆண்டுகளில் போன நாடுகளைக் கேட்கும். கியூபாவை எழுதுங்கள். நேர்காணலில் கேட்டால் சுற்றுலா என்று தேதியோடு சொல்லுங்கள், விடுதி, விமான ரசீது இருந்தால் எடுத்துப் போங்கள். கணவரும் அடுத்த முறை விசா புதுப்பிக்கும்போது அதே பதிலைத்தான் எழுதவேண்டும். இருவர் பதிலும் பொருந்தட்டும். அப்புறம் பலர் தடுக்கி விழும் ஒரு விஷயம்: மெக்சிகோவுக்கோ பெருவுக்கோ போகும் வழியில் லாஸ் ஏஞ்சல்சில் விமானம் மாறினாலும் உங்களுக்கு விசா வேண்டும். நேர்காணல் தேதி கிடைக்கத் தாமதமாகலாம். தங்கைக்கு வரும் நாளைச் சொல்வது விசா கைக்கு வந்த பிறகு இருக்கட்டும்.