பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாடு போனால் இரண்டு இடத்திலும் கட்டணம் கட்ட வேண்டுமா?

வேண்டாம். மாணவர் பரிமாற்றம் என்பது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக மாணவராக இருந்துகொண்டே, ஒரு பருவமோ இரண்டு பருவமோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுத் திரும்புவது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமோ நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமோ, கல்விக் கட்டணத்தை வழக்கம்போல் இங்கேயே கட்டினால் போதும்.

காரணம், நம் பிள்ளை அங்கே போகும்போது அவர்கள் பிள்ளை இங்கே வருகிறார். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் வைத்து அண்டைவீட்டு மலாய்க் குடும்பத்துக்குத் தட்டு கொடுத்தனுப்புகிறோம். நோன்புப் பெருநாளன்று குவே என்னும் மலாய்ப் பலகாரம் நிறைந்த தட்டு நம் வீட்டுக்கு வருகிறது. யாரும் காசு கேட்பதில்லை, அல்லவா? அதே கணக்குதான்.

ஆனால் விமானச் சீட்டு, விசா, வாடகை, சாப்பாடு நம் பொறுப்பு. லண்டன் வாடகைக்கும் பேங்காக் வாடகைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

முக்கியமாக, அங்கே எடுக்கப்போகும் பாடங்களின் பாடத்திட்டத்தைத் துறையில் காட்டி முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்கள். இல்லாவிட்டால் கஷ்டப்பட்டுப் படித்தது பட்டத்துக்குக் கணக்கில் வராமல் போகலாம்.

பட்டச் சான்றிதழில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரும் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இருப்பது இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பட்டம் தரும் கூட்டுப் பட்டத் திட்டத்தில்தான். பரிமாற்றத்தில் பட்டம் தருவது இங்குள்ள பல்கலைக்கழகம் மட்டுமே.