மூக்கில் கிருமி என்று அறிக்கை வந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 61. முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த மூக்குப் பரிசோதனையில் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இருப்பதாக வந்துள்ளது. எனக்குச் சளி, காய்ச்சல் எதுவும் இல்லை. சென்ற ஆண்டு என் தம்பிக்கும் இதே கிருமிதான். ஆனால் அவருக்கு வேறு ஊசி போட்டார்கள். ஏன்?

பதில்: நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களிலும் ஏறத்தாழ 100க்கு 30 பேரின் மூக்கில் இக்கிருமி குடியிருக்கிறது. அது நோயன்று.

அறிக்கையில் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே இருவர் மூக்கிலும் இருப்பது ஒரே கிருமி ஆகிவிடாது. இதன் மரபணுத் தொகுதியில் சுமார் 28 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் உள்ளன. அவற்றில் ஏறக்குறைய முக்கால் பங்கு எல்லா வகைகளுக்கும் பொது, மீதி வகைக்கு வகை வேறுபடும். மெக்ஏ என்ற மரபணு அந்த மீதியைச் சேர்ந்தது. அது உள்ள கிருமி தன் செல்சுவரைக் கட்டுவதற்கு மாற்றுப் புரதம் ஒன்றை வைத்திருப்பதால், பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளில் பெரும்பாலானவை அதனிடம் எடுபடுவதில்லை. அறிக்கையில் 'செஃபாக்ஸிடின்' என்ற வரியைப் பாருங்கள்; மெக்ஏ இருக்கிறதா என்பதைக் காட்டும் சோதனை மருந்து அது. 'எஸ்' (மருந்துக்குக் கட்டுப்படும்) என்றிருந்தால் வழக்கமான செஃபசோலின் ஊசியே பெரும்பாலும் போதும்; 'ஆர்' (மருந்தை எதிர்க்கும்) என்றிருந்தால் அது எம்ஆர்எஸ்ஏ, அதாவது மெத்திசிலின் வகை மருந்துகளை எதிர்க்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ்; அதற்கு வான்கோமைசின் என்ற வேறு மருந்து தேவைப்படலாம். தம்பிக்கு மருந்து மாறியதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

ஒருவர் மூக்கிலேயே இருக்கும் கிருமியும் மெல்ல மாறிக்கொண்டிருக்கும். 2012இல் வெளியான ஓர் ஆய்வில், நோயின்றிக் கிருமியைச் சுமந்திருந்த ஒருவருக்குப் பின்னர் ரத்தத்தில் தொற்று ஏற்பட்டது. மூக்குக் கிருமிக்கும் ரத்தக் கிருமிக்கும் இடையே டிஎன்ஏவில் இருந்தவை எட்டே மாற்றங்கள். காயத்துக்குள் புகுவது பெரும்பாலும் நம்முடைய சொந்தக் கிருமிதான் என்பதால், முன்கூட்டியே அதைக் குறைப்பதில் பொருள் உண்டு. மூக்கில் முபிரோசின் என்ற கிருமிக்கொல்லிக் களிம்பும், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் குளியலும் தந்தபோது, இக்கிருமியால் வரும் மருத்துவமனைத் தொற்று 7.7 விழுக்காட்டிலிருந்து 3.4 ஆகக் குறைந்ததை 2010இல் நெதர்லாந்து ஆய்வு காட்டியது.

ஆகவே மருத்துவர் எழுதித் தந்தபடி, பொதுவாக ஐந்து நாள், தினம் இருமுறை களிம்பைத் தடவுங்கள். சில மாதங்களில் கிருமி திரும்பி வரலாம். அதற்காக மிச்சக் களிம்பை நீங்களாகவே எடுத்துப் பூச வேண்டாம், முபிரோசினை எதிர்க்கும் மரபணுவும் பிளாஸ்மிட் (கிருமிகள் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் சிறு டிஎன்ஏ வளையம்) வழியே பரவுகிறது. வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை செய்வது என் கருத்தில் வீண்செலவு. காலில் கொப்புளமோ நகச்சுற்றோ இருந்தால் மட்டும் உடனே அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். தேதி தள்ளிப்போக நேர்ந்தால் அதனால்தான் நேரும், மூக்கு அறிக்கையால் அன்று.