கிருஷ்ணகிரியில் போர் தண்ணீரை மட்டும் நம்பி வீட்டுத் தோட்டத்தில் அருவியும் குளமும் அமைக்கலாமா? எதிலிருந்து தொடங்குவது?

வீட்டின் முன்னால் 2 சென்ட் காலி இடம், பத்தடிக்குப் பத்தடி குளம், அதில் விழுகிற ஒரு சின்ன அருவி என்று கேட்டிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் தோட்டம் அமைத்துத் தருவது என் தொழில். அதனால் நேராகவே சொல்கிறேன்: அருவி வையுங்கள், குளம் வேண்டாம்.

காரணம் தண்ணீர்க் கணக்கு. சித்திரை வெயிலில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஒரு நாளைக்கு 6, 7 மில்லிமீட்டர் ஆவியாவது நம் பக்கத்தில் சாதாரணம். 100 சதுர அடிக் குளத்துக்கு அது சுமார் 60 லிட்டர், அதாவது தினமும் நாலு குடம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடும். மறுபடி போர் தண்ணீரை ஊற்ற ஊற்ற உப்பு கூடிக்கொண்டே போய், கறுப்புக் கல்லில் வெள்ளைப் படலம் ஏறும். தேய்த்தாலும் லேசில் போகாது. ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரை ஊற்றலாமே என்றும் தயவுசெய்து நினைக்காதீர்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களின் குடிநீருக்காக வந்த திட்டம் அது.

குளம் இல்லாமல் அருவியா என்றால், தண்ணீர் விழும் இடத்தில் தரைக்கு அடியில் ஒரு சம்ப், அதாவது மூடிய தண்ணீர்த் தொட்டி. 4 அடிக்கு 4 அடி, 3 அடி ஆழம் போதும். 1,300 லிட்டருக்குக் கொஞ்சம் மேலேயே பிடிக்கும். அதன் மேல் கிரானைட் பலகைகளை இரண்டு அங்குல இடைவெளி விட்டுப் படுக்க வைத்து, அந்த இடைவெளியில் விழாத அளவுக்குப் பெரிய கூழாங்கற்களைப் பரப்ப வேண்டும். அருவித் தண்ணீர் கற்களுக்கு இடையே இறங்கி மறைந்துவிடும், சம்புக்குள் இருக்கும் மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றும். திறந்த நீர்ப்பரப்பு மிகக் குறைவு என்பதால் ஆவியாவதும் குறைவு. குழந்தை தவறி விழும் பயமும் இல்லை. இடைவெளிகளில் கொசுவலை விரித்துவிட்டால் கொசு உள்ளே போய் முட்டையிடவும் முடியாது. மோட்டாருக்கு நேர் மேலே உள்ள பலகையை மட்டும் தூக்கி எடுக்கும்படி சின்னதாகப் போடுங்கள்.

மொட்டைமாடி மழைநீர்க் குழாயை இந்தச் சம்புக்குத் திருப்பிவிடுங்கள். 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் இறங்கும். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட ஒரு வால்வு, நிரம்பினால் செடிக்குப் போக ஒரு குழாய், இரண்டும் வேண்டும். மழைநீரில் உப்பு இல்லை என்பதால் கல்லும் கறை படியாமல் இருக்கும்.

இனி அருவிக்கு வருவோம். என்னிடம் வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது 'மினி ஒகேனக்கல்'. ஒகேனக்கல்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே காவிரி ஒரே திரையாக விழுவதில்லை, பாறை பாறையாகப் பிரிந்து பல கிளையாக விழுகிறது. உயரத்தை விட்டுவிட்டு அந்தப் பிரிவை எடுத்துக்கொண்டால் மூன்றடி அருவியே இயல்பாக இருக்கும். கல்லுக்கு நாம் எங்கேயும் அலைய வேண்டாம். பர்கூர், ஜெகதேவி பக்கத்துக் கிரானைட் பட்டறைகளில் வெட்டி மீந்த கற்கள் கிடைக்கும். பாலிஷ் ஏறாத, சொரசொரப்பான முகமாகப் பொறுக்குங்கள். ஒரு கன அடி கல் 75 கிலோ வரும், பெரிய கல்லைத் தூக்க செயின் பிளாக் (சங்கிலியால் பாரம் தூக்கும் கருவி) ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். எல்லாக் கல்லின் வரியும் ஒரே திசையில் ஓட, ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் புதைந்திருந்தால் கொட்டி வைத்த குவியலாகத் தெரியாது. தண்ணீர் விழும் விளிம்புக் கல்லின் அடியில் ஒரு காடி, அதாவது நீளவாக்கில் ஒரு சின்னப் பள்ளம் வெட்டச் சொல்லுங்கள். சன்ஷேடுக்கு அடியில் கொத்தனார் விடுகிற அதே காடிதான். அது இல்லாவிட்டால் தண்ணீர் முன்னால் விழாமல் கல்லின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடும்.

தண்ணீர் வெறும் கூழாங்கல்லில் விழுந்தால் சத்தம் சளசளவென்று இருக்கும். ஒரு பழைய கல்தொட்டியோ ஆட்டுக்கல்லோ கிடைத்தால் அதில் விழ வைத்து வழிய விடுங்கள். தேங்கிய நீரில் விழும்போது வருகிற ஆழமான சத்தம்தான் காதுக்கு இதம். காலையில் கொண்டைக் குருவிகள் அந்தத் தொட்டி விளிம்புக்கு வரும். தொட்டியில் நாலு கப்பி மீன் விட்டால் கொசுப்புழு தங்காது.

மோட்டார் வாங்கும்போது அட்டையில் உள்ள லிட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது உயரமே இல்லாதபோது தள்ளும் அளவு. ஒரு அடி அகல விளிம்பில் தண்ணீர் நிறைந்து விழ மணிக்கு 4,500 லிட்டர் வேண்டும். சம்பின் அடியிலிருந்து அருவித் தலை வரை ஆறடி, குழாய் வளைவுகளுக்காக இன்னும் இரண்டடி, ஆக எட்டடிக்கு எவ்வளவு தள்ளும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம், இதில் பேரமே கூடாது.

முக்கியமான வேலை கண்ணுக்குத் தெரியாதது. சிமெண்டை மட்டும் நம்பிக் கட்டினால், வெயிலில் விரிந்து சுருங்கி, கல்லுக்கும் பூச்சுக்கும் நடுவில் விரிசல் விடும். ஆகவே சம்பின் அடியிலிருந்து அருவிச் சுவரின் பின்பக்கம் முழுக்க ஏறித் தலை வரை தண்ணீர் கசியவிடாத ஒரே லைனர் விரிப்பு போக வேண்டும். சிமெண்டின் வேலை கல்லைப் பிடித்து வைப்பது மட்டும்தான்.

கட்டி முடிந்ததும் சம்பில் நீர்மட்டத்தைக் குறித்துவிட்டு, ஒரு நாள் மோட்டாரை நிறுத்தி வையுங்கள், அடுத்த நாள் ஓட விடுங்கள். நிறுத்தி வைத்தபோதே மட்டம் நன்றாக இறங்கினால் சம்பில் கசிவு. ஓடும்போது மட்டும் இறங்கினால் அருவியின் பின்னால் கசிகிறது, அல்லது சாரல் வெளியே தெறிக்கிறது. இந்தச் சோதனை முடியும்வரை சுற்றிலும் செடி நடாதீர்கள், மேஸ்திரிக்குக் கடைசித் தவணையும் கொடுக்காதீர்கள்.